எலெக்ட்ரிக் ஜெல் பிளாஸ்டர்: தூரம் குறைகிறது, 11.1 வோல்ட் பேட்டரி போடலாமா?

அம்மாபேட்டை அப்பா:
வணக்கம். மகனுக்காகப் பழைய எலெக்ட்ரிக் ஜெல் பிளாஸ்டர் (தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி) ஒன்றை வாங்கினேன். 7.4 வோல்ட் பேட்டரி, நைலான் கியர், 7.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழல். விற்றவர் தன் வீட்டு மாடியில் சுட்டுக் காட்டியபோது எதிர்ச் சுவர் வரை நேராகப் போனது. எங்கள் வீட்டில் பாதி தூரத்திலேயே தரையைத் தொடுகிறது. ஒன்று நேராகப் போனால் அடுத்தது இடப்பக்கம் ஒதுங்குகிறது. உருண்டைகள் உடைவதில்லை, மோட்டார் சத்தத்திலும் மாற்றமில்லை. கடையில் 11.1 வோல்ட் பேட்டரி, உலோகக் கியர், நீளமான குழல் என்று ஒரு பட்டியலே கொடுத்துவிட்டார்கள். எதை முதலில் வாங்குவது?

ஐந்து ரோடு வேகம்:
யோசிக்கவே வேண்டாம், 11.1 போடுங்கள். நான் போட்டிருக்கிறேன், உருண்டை மழையாகக் கொட்டுகிறது.

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:
தம்பி, கொட்டுவது வேறு, தூரம் போவது வேறு. இதில் மோட்டார் உருண்டையைத் தள்ளுவதில்லை. கியரைச் சுற்றி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து, ஸ்பிரிங்கை அழுத்தி விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளுவது ஸ்பிரிங்கும் சிலிண்டரில் உள்ள காற்றும். வோல்ட்டை ஒன்றரை மடங்கு ஆக்கினால் நிமிடத்துக்கு எத்தனை உருண்டை என்பது கூடும். ஒவ்வொரு உருண்டையும் கிளம்பும் வேகம் அதே வேகம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிஸ்டன் முன்னே வந்து சேருவதற்குள் கியர் அடுத்த சுற்றுக்கு வந்துவிட்டால், நகர்ந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் பற்களில் மோதும். நைலான் பற்கள் அதைத் தாங்காது. டிரிகரின் மின்தொடு முனைகளும் கருகும். கியர்பாக்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் 11.1 பற்றி யோசியுங்கள்.

சார், முதலில் பிஸ்டனைச் சிலிண்டரோடு தனியே எடுங்கள். முன்வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுங்கள். காற்று அழுந்திப் பிஸ்டன் திரும்ப எழும்பினால் சீல் நன்றாக இருக்கிறது. மெல்ல உள்ளே இறங்கிவிட்டால் பிஸ்டன் தலையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, பள்ளத்தில் பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப்பை ஓரிரு சுற்று சுற்றி, மேலே ஓ-ரிங்கை மாட்டிச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று பெட்ரோலிய எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

அம்மாபேட்டை அப்பா:
விரல் சோதனையில் பிஸ்டன் நன்றாகவே எழும்புகிறது ஐயா. பேட்டரியும் முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டுகிறது.

சூரமங்கலம் டீச்சர்:
உருண்டைகளை எந்தத் தண்ணீரில் ஊற வைக்கிறீர்கள்?

அம்மாபேட்டை அப்பா:
போர் தண்ணீர்தான் டீச்சர். நான்கு மணி நேரம்.

சூரமங்கலம் டீச்சர்:
அப்படியானால் குற்றவாளி குடத்தில் இருக்கிறது. இந்த உருண்டைகள் பெரும்பாலும் சோடியம் பாலிஅக்ரிலேட் வகைப் பொருள். டயப்பருக்குள் இருக்கும் அதே இனம். உப்பில்லாத தண்ணீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால், அவை பாலிமர் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விரியவிடாமல் செய்துவிடும். சேலத்தில் ஏற்காடு அடிவாரம் வரை மேக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி. பருப்பே வேக மறுக்கும் கிணறுகளில் ஜெல் எப்படி ஊறும்?

காலிப்பரால் உருண்டையின் விட்டத்தை அளந்து பாருங்கள். பிறகு ஊறாத புதிய உலர் மணிகளை ஆர்.ஓ. தண்ணீரிலோ மேட்டூர் குழாய்த் தண்ணீரிலோ ஊற வையுங்கள். போர் தண்ணீரில் ஊறியவற்றை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் முழுதாகத் தேறாது.

உலர் மணிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதை மறக்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகலாம்.

அம்மாபேட்டை அப்பா:
அளந்தேன். போர் தண்ணீரில் ஊறியது 6.8 மி.மீ., ஆர்.ஓ. தண்ணீரில் 7.3. அரை மில்லிமீட்டருக்கா இத்தனை வித்தியாசம்?

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:
அரை மில்லிமீட்டர் சின்ன விஷயமில்லை சார். பரப்பளவைப் போட்டுப் பாருங்கள். 7.5 மி.மீ. குழலில் 6.8 உருண்டை கிடந்தால் வாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திறந்திருக்கிறது. காற்று அந்த வழியே ஓடிவிடும். 7.3 என்றால் திறப்பு இருபதில் ஒரு பங்குதான். இடைவெளியில் ஆடிக்கொண்டு வரும் உருண்டை குழலின் எந்தப் பக்கத்தைக் கடைசியாக உரசுகிறதோ, அதைப் பொறுத்துத் திசை மாறும். இடப்பக்கம் ஒதுங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

எடையும் சேர்ந்து குறைகிறது. 7.3 உருண்டை சுமார் 0.2 கிராம், 6.8 அதில் ஐந்தில் நான்கு பங்குதான். எடை குறைந்தது காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும்.

நீளமான குழலை இப்போது வாங்காதீர்கள். சிலிண்டரில் இருக்கும் காற்று தீர்ந்த பிறகும் குழல் நீண்டால் அது பிரேக்காகத்தான் வேலை செய்யும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் குழல் முனையில் மாட்டும் ஹாப்-அப் என்ற பாகத்தை வாங்குங்கள். உருண்டைக்குப் பின்சுழற்சி கொடுத்து, விழாமல் கொஞ்ச தூரம் தாங்கிப் பிடிக்கும். விலையும் குறைவு.

ஏற்காடு எஸ்டேட்:
இங்கே மழைத் தண்ணீரைப் பிடித்து இரவு முழுவதும் ஊற வைக்கிறோம், குறையில்லை. ஒரு சந்தேகம்: சமையலறைக்குள் புகும் குரங்குகளை விரட்ட இது உதவுமா?

சூரமங்கலம் டீச்சர்:
வேண்டவே வேண்டாம் ஐயா. 0.2 கிராம் உருண்டை நொடிக்கு 60 மீட்டரில் கிளம்பினாலும் 0.36 ஜூல்தான். தோலில் பட்டால் குரங்குக்குக் கோபம் வரும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சுடும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்பவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மேகசினை (உருண்டைகளை நிரப்பும் பெட்டி) மாட்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம்.

அம்மாபேட்டை அப்பா:
ஆர்.ஓ. உருண்டைகள் மாடியின் மறுமுனை வரை போகின்றன. பேட்டரிப் பணம் மிச்சம், நன்றி. ஆனால் இப்போது சில உருண்டைகள் உள்ளேயே நசுங்குகின்றன.

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:
ஊறியது கொஞ்சம் அதிகம். மூன்று மணி நேரத்தில் எடுத்து வடிகட்டுங்கள். நசுங்கிய கூழ் மேகசின் வாயில் காய்ந்து ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மேகசினுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.