புதுப்பிப்பு: தம்பி ரிசப்ஷன் கோட்டுக்கு பாக்கெட் ஸ்கொயர் முடிவாயிடுச்சு

நேவி ப்ளூ சூட், வெள்ளைச் சட்டை, மெரூன் டை. கோட்டோட மார்புப் பாக்கெட்டில் அழகுக்கு மடிச்சு வைக்கிற சதுரக் கைக்குட்டைதான் பாக்கெட் ஸ்கொயர்; இதுக்கு எது வைக்கலாம்னு இங்கே முன்னாடி கேட்டிருந்தேன். கடையில் டையோட அதே துணியிலயே ஒரு ஸ்கொயரும் செட்டா கொடுத்திருந்தாங்க. அது வேண்டவே வேண்டாம்னு பெரும்பாலானவங்க சொன்னீங்க. வைக்கலை.

வெள்ளை லினன் எடுத்தாச்சு, ஓரத்தில் மட்டும் மெல்லிசா மெரூன் கோடு. டையோட நிறத்துக்குப் பொருந்த அந்தக் கோடே போதும். பட்டும் வச்சுப் பார்த்தோம். நடுவில் கிள்ளித் தூக்கி உப்பலா வச்சா அழகுதான், ஆனா குனிஞ்சு நிமிர்ந்தா வழுக்கி உள்ளே போயிடுது. மேடையில் மாப்பிள்ளைக்குப் பெரியவங்க காலில் விழுந்து எழுந்திரிக்கிறதே பாதி வேலை! லினன்ல மடிப்பு அப்படியே நிக்குது. வேட்டிக்குப் போடற மாதிரி லேசா கஞ்சி போட்டு அம்மா தேய்ச்சுக் கொடுத்தாங்க. பாக்கெட் அகலத்தைவிடத் துளி குறைவா மடிச்சு, மேலே அரை இஞ்ச் நேரா தெரியற மாதிரி வச்சோம்.

அளவு முக்கியம். 10 இஞ்ச் சதுரமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துக்கும். 13 இஞ்ச் பார்த்து வாங்குங்க.

மெட்ராஸ் செக்ஸ் சொன்னவருக்கு: அந்தக் கட்டம் போட்ட பருத்தி ராத்திரி ரிசப்ஷனுக்கு ஒட்டலை. பகலில், டை இல்லாம, லினன் கோட்டுக்கு அருமையா இருக்கும். எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டேன்.

பாக்கெட்டே திறக்கலைன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. புது கோட்டில் பெரும்பாலும் அது தைச்சுத்தான் வரும். பிளேடு வைக்காதீங்க, டெய்லர்கிட்ட கொடுத்துப் பிரிச்சுக்குங்க.