ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்: ஜெல்லும் உலோகமும், உங்கள் அனுபவங்கள்

வேதியியல் ஆசிரியை, திருநெல்வேலி:
அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் சீனிவாச ராகவன் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு கிராஃபைட் முனைகளுக்கு நடுவே அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளிலிருந்து செய்த ஜெல்லை வைத்து 5 வோல்ட் மின்னழுத்தத்தை 3 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பசை எதுவும் கிடையாது. ஜெல் பாசிட்டிவ் முனையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து இழுத்தபோது ஜெல்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. மின்னோட்டத்தின் திசையை மாற்றியதும் சுலபமாகக் கழன்று, மறுமுனையில் போய் ஒட்டிக்கொண்டது!

அக்ரிலமைடு நரம்புகளைப் பாதிக்கும் நச்சு. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன். அந்தக் குழுவினர் காய்கனிகளிலும் சோதித்திருந்ததால் தக்காளியை எடுத்தேன். தீர்ந்துபோன டார்ச் செல்லிலிருந்து இரண்டு கரித்தண்டுகள், ஒரு மொபைல் சார்ஜர், அவ்வளவுதான். நெகட்டிவ் தண்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்தன. சற்று நேரம் கழித்துத் துண்டை இழுத்தால், பாசிட்டிவ் தண்டில் சதை அப்படியே தங்கிவிட்டது. "எது பாசிட்டிவ் என்று தக்காளியே காட்டிக்கொடுத்துவிட்டது, டீச்சர்" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஈசிஜி டெக்னீஷியன், மதுரை:
ஜெல்லும் உலோகமும் சேரும் இடத்தில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. நெஞ்சில் ஒட்டும் வில்லையில் வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு பூச்சு இருக்கும். ஜெல்லில் உள்ள குளோரைடு அயனிகள் வழியாகத்தான் இதயத்தின் மின்துடிப்பு உலோகத்துக்குள் வருகிறது. ஜெல் காய்ந்துபோனால் காகிதத்தில் கோடு தாறுமாறாக ஆடும். ஒட்டுவதைவிடப் பிரிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. எண்பது வயதுப் பாட்டியின் தோல் வெங்காயச் சருகு போல இருக்கும். ஓரத்தை ஈரப் பஞ்சால் நனைத்து, ஒரு கையால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உரித்தெடுப்பேன். திசையை மாற்றினால் தானே விட்டுவிடும் ஒட்டு என்பதைப் படித்தபோது அந்த முகங்கள்தான் கண்முன் வந்தன. தோலுக்கும் அப்படி ஒன்று வரவேண்டும்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை:
அண்ணன் சொல்வது முற்றிலும் சரி. உறுதியாக ஒட்டும் வித்தை முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஷுவான்ஹே ஜாவோ குழுவினர் கண்ணாடி, அலுமினியம், டைட்டானியம் ஆகியவற்றின் மேல் சிலிக்கான் அடங்கிய சிலேன் மூலக்கூறுகளை நட்டு, அவற்றோடு ஜெல்லின் இழைகளைப் பிணைத்தார்கள். சுமார் 90 சதவீதம் தண்ணீராக இருக்கும் ஜெல்லை அங்கிருந்து பிரிக்க, சதுர மீட்டருக்கு 1,000 ஜூலுக்கும் மேல் ஆற்றல் தேவைப்பட்டது. எங்கள் ஆய்வகத்தில் அந்த முறையில் ஒட்டிய தகட்டிலிருந்து ஜெல்லைப் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது. மேரிலேண்ட் முறையில் எனக்குப் பிடித்ததே, அது பிடியை விடவும் செய்கிறது என்பதுதான்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: கெட்டிப் பொருள் எலக்ட்ரான்களைக் கடத்த வேண்டும், மெதுப் பொருளில் உப்பு அயனிகள் இருக்க வேண்டும். எலக்ட்ரான் பரிமாற்றத்துக்குப் பிறகு இரண்டு பரப்புகளுக்கும் நடுவே வேதிப்பிணைப்பு உருவாகிறது என்பது அவர்களுடைய ஊகம். தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்ளும் டைட்டானியம் ஒட்டாமல் போனதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். எலும்பிலும் பல்லிலும் பொருத்துவது பெரும்பாலும் டைட்டானியம்தான் என்பதால், இந்த இடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்:
செம்பை வைத்துச் செய்பவர்கள் ஜெல்லின் நிறத்தைக் கவனியுங்கள். நான் பார்த்தபோது பாசிட்டிவ் பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. செம்பு கரைந்து அயனியாக உள்ளே போகிறது. திசையை மாற்றியதும் பிடி விட்டது, நீலக் கறை அப்படியே இருந்தது. உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு இதையும் யோசிக்க வேண்டும்.

வேதியியல் ஆசிரியை, திருநெல்வேலி:
நிறத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஐயா. செம்பை வகுப்பில் பிறகு பார்க்கிறோம். மேரிலேண்ட் குழுவினரின் சில சோதனைகளில் திராட்சையும் ஒட்டவில்லை, அதில் உப்பைவிடச் சர்க்கரை அதிகம் என்று சொன்னேன். உடனே ஒரு பையன், "உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால்?" என்று கேட்டான். திங்கட்கிழமை தோலுரித்த திராட்சையை ஊறவைத்தும் வைக்காமலும் ஒட்டிப் பார்க்கப்போகிறோம்.