அலுமினியக் கிராங்கில் இறுகிப்போன இடது பெடலைக் கழற்றுவது எப்படி?

தென்கரைத் தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். என் மகன் கல்லூரிக் காலத்தில் ஓட்டிய கியர் சைக்கிள், சோழவந்தானில் உள்ள எங்கள் தோப்பின் மோட்டார் அறையில் சில ஆண்டுகளாகச் சாத்தியே கிடந்தது. அதைச் சரிசெய்து தங்கை மகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். டயர், டியூப், பிரேக் ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. வலது பெடலும் சிரமமின்றிக் கழன்றுவிட்டது. பிளாஸ்டிக் உடைந்த இடது பெடல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் அலுமினியம், பெடல் அச்சு இரும்பு. இரண்டும் சேரும் விளிம்பில் சுண்ணாம்பு படிந்தாற்போல வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. 15 மி.மீ. ஸ்பேனரைக் கொடுத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்தியதில் அச்சின் தட்டைப் பக்கங்கள் மழுங்கத் தொடங்கிவிட்டன. கேஸ் வெல்டிங் நெருப்பில் சுட்டால் கழன்றுவிடும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். கிராங்க் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். எந்தத் திசையில் திருப்புவது, வேறு வழி ஏதும் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருநகர் மிதிவண்டி:
முதலில் திசையை உறுதிசெய்துகொள்ளுங்கள் ஐயா. வலது பெடலுக்கு வலப்புரி மரை, இடது பெடலுக்கு இடப்புரி மரை. சாதாரண நட்டைக் கழற்றுவதுபோல இடஞ்சுழியாகத் திருப்பினால் உங்கள் பெடல் மேலும் இறுகும். இரு பக்கத்துக்கும் ஒரே விதி போதும்: ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் கழலும்; முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இறுகும். சில பெடல்களில் கிராங்கின் உட்புறம் தெரியும் அச்சு முனையில் ஆலன் சாவியைச் செருகும் 6 அல்லது 8 மி.மீ. அறுகோணக் குழி (ஆலன் குழி) இருக்கும்; அதற்கும் இதே விதிதான். உங்கள் பெடலில் அது இருக்கிறதா என்று பாருங்கள், மழுங்கிய தட்டைப் பக்கத்தை நம்ப வேண்டியிராது.

இந்த இடப்புரிக்குக் காரணம் உண்டு. மிதிக்கும்போது பாதத்தின் அழுத்தம் அச்சைச் சுற்றிச் சுற்றி வருவதால், அச்சு தன் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் எதிர்த்திசையில் உருள முயல்கிறது. மூடிய கைக்குள் தளர்வாகப் பிடித்த பென்சிலின் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் எதிர்ப்பக்கமாக உருள்வது தெரியும். இடது பக்கத்திலும் வலப்புரி இருந்தால் பெடல் ஓட்ட ஓட்டக் கழன்றுகொண்டே வரும்.

அழுத்தும் முறையும் முக்கியம். இடது கிராங்கை முன்நோக்கிக் கிடைமட்டமாக வைத்து, ஸ்பேனரை அதை ஒட்டினாற்போலப் பின்நோக்கி மாட்டி, கைப்பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகிக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பின்நோக்கி நிற்கும் வலது கிராங்கை அருகில் செல்லும் சட்டக் குழாயோடு கயிற்றால் கட்டிவிட்டால் கிராங்க் சுற்றாது. ஸ்பேனரைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம்; மிச்சமிருக்கும் விளிம்பும் போய்விடும்.

கப்பலூர் லேத்:
தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நெருப்பு வேண்டவே வேண்டாம். அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து காட்டாது. சூடு ஏறியது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டியதுமே, பதப்படுத்திய அலுமினியக் கலவை தன் வலுவை இழக்கத் தொடங்கிவிடும். அப்படி வலுவிழந்த கிராங்க், பிள்ளை ஏறி நின்று மிதிக்கும்போது முறிந்தால் யார் பொறுப்பு?

நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அலுமினியத்தின் துரு. ஈரத்தில் இரும்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும்; அந்தத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையை ஆப்பு வைத்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, கிராங்கின் உட்புறம் மேலே பார்க்கும்படி செய்து, துரு நீக்கும் எண்ணெயைத் துளையின் ஓரத்தில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், மறுநாளும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் கெட்டியானது, மரைக்குள் இறங்காது. நன்றாக ஊறிய பிறகு கிராங்கின் நுனியில் கொதிக்கும் நீரை நிதானமாக ஊற்றி, சூடு ஆறுமுன் திருப்புங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் துளை சற்றுத் தளரும்.

அப்போதும் வராவிட்டால் பெடலின் உடலைப் பிரித்து, பால்ரஸ்களை எடுத்துவிட்டு, அச்சை மட்டும் விட்டுவையுங்கள். கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் கொண்டு கழற்றி, அச்சின் தட்டைப் பக்கங்களைக் கனமான மேசை வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) செங்குத்தாகக் கவ்வவையுங்கள். ஸ்பேனரைவிட வைஸின் தாடை முழுப் பரப்பையும் பற்றிக்கொள்வதால் இனி மழுங்காது. கிராங்கே நெம்புகோலாகிவிடும். இப்போது அச்சு அசையாமல் நிற்க, கிராங்கை மேலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்; இந்த இடத்தில்தான் பலருக்குத் திசை குழம்பும்.

தென்கரைத் தோப்பு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆலன் குழி இல்லை. எண்ணெயும் கொதிநீரும் மட்டும் போதவில்லை. வைஸில் வைத்துத் திருப்பியபோது ‘டக்’கென்ற ஓசையோடு விட்டுக்கொடுத்தது. அச்சின் மரையில் அலுமினியச் செதில்கள் சில ஒட்டியிருக்கின்றன. அதே கிராங்கில் புதுப் பெடலை மாட்டலாமா?

கப்பலூர் லேத்:
செதில்கள் சிலவே என்றால் மாட்டலாம். 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி கொண்ட இடப்புரி டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) அதில் ஒரு முறை ஓட்டித் துப்புரவு செய்துகொள்ளுங்கள். வலப்புரி டேப்பைத் தவறியும் விட்டுவிடக் கூடாது. மரையில் தாராளமாகக் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை சாய்ந்து பிடிக்கிறது என்று பொருள். உடனே கழற்றி மீண்டும் தொடங்குங்கள். கடைசியில் ஸ்பேனரால் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். புது பெடல் துளைக்குள் லொடலொடவென்று ஆடினால் அந்தக் கிராங்கை நம்ப வேண்டாம். அதே நீளமும், சைக்கிளின் நடு அச்சில் மாட்டும் அதே துளையும் உள்ள இடது கிராங்கைத் தனியாகக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.