மறு: வாடகையில் பத்து போனால் மிஞ்சுவதற்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

போன மடலில் நான் தமிழ்ப்பெயர் கேட்டது, வாடகை வீட்டில் இருக்கும் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் வருமான வரிச்சலுகைக்கு இல்லை. அதை வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.) விலக்கு என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம், அது போதும். சொல் வேண்டியது அந்தக் கணக்கின் நடுவே வரும் ஒரு தொகைக்கு: கட்டிய வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தபின் மிஞ்சுவது. ஆங்கிலத்திலும் அதற்குத் தனிப்பெயர் இல்லை. நீளமாக ஒரு வாக்கியம்தான் இருக்கிறது.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டிருந்தீர்கள். நாகர்கோவிலில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கணக்கு மேசை என்னுடையது. இந்த விலக்கு கிடைக்கும் பழைய வரிமுறையில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு ரசீதுகளைக் குண்டூசி குத்திக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ரெவன்யூ ஸ்டாம்பு, அதன் மேல் வீட்டுக்காரரின் கோணல் கையெழுத்து. மாதம் 12,000 வாடகை, ஆண்டுக்கு 1,44,000. லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். அதற்காக நாலு தடவை நடந்திருக்கிறார். மொத்த வாடகையும் வருமானத்திலிருந்து கழியும் என்று நம்பி வந்தவர்.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அவருக்கு மாதம் 70,000, ஆண்டுக்கு 8,40,000. அதில் பத்தில் ஒன்று 84,000. வாடகையில் அது போக மிச்சம் 60,000. அவர் வாங்கிய வாடகைப்படி 1,68,000. சம்பளத்தில் 40 சதவீதம் (சென்னையில் குடியிருந்தால் 50) 3,36,000. மூன்றில் எது குறைவோ அதுதான் விலக்கு. ஆக 60,000.

“அப்போ அந்த எம்பத்தி நாலாயிரம் எங்க சார் போச்சு?” என்றார், நான் மேசைக்குள் எடுத்து வைத்துக்கொண்டதுபோல. இதே மனிதர் 7,000 வாடகை வீட்டில் இருந்தால் விலக்கு பூச்சியம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மிகைவாடகை என்று வைத்தால் என்ன?

தக்கலை நண்பர் சொன்னது. வாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இதைக் கேட்டால் வீட்டுக்காரர் அநியாயமாக ஏற்றிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எஞ்சுவாடகையும் அப்படித்தான், வாடகை பாக்கி போல ஒலிக்கிறது. பாக்கி வைத்திருப்பதாக ஒரு தாளில் எழுதி யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

> பதின்கூறு நீத்த வாடகை.

மார்த்தாண்டத்து ஐயாவின் தமிழ் அழகு. ஆனால் எதில் பதின்கூறு? இதைப் படிப்பவர் வாடகையில் பத்தில் ஒன்றைக் கழிப்பார். 14,400 போக 1,29,600 என்று எழுதிக்கொண்டு வருவார். விதி சொல்வதோ சம்பளத்தில் பத்தில் ஒன்று. அந்தச் சம்பளம் சொல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். தப்பு நடக்கும் இடம் அதுதான்.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது பக்கத்து மேசைக் காசாளர். ஆசிரியர் புரியாமல் நின்றபோது அவர் சாவகாசமாக, “சம்பளத்துல தசமபாகம் எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைப் பாருங்க” என்றார். வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதுதான் தசமபாகம், நம் மாவட்டத்தில் சபைக்குப் போகாதவருக்கும் அது தெரியும். சம்பளத்தில்தான் எடுப்பது என்பதும் தெரியும். ஆசிரியருக்கு உடனே பிடிபட்டது. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே எங்கள் வாடகைக் கணக்குப் படிவத்தில் வைக்க முடியாது. தசமபாகம் போய்ச்சேர ஓரிடம் உண்டு, இந்தப் பத்து எங்கும் போவதில்லை. அதனால் அதன் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பளப்பத்து என்று வைக்கிறேன். மிஞ்சுவது, சம்பளப்பத்து போக வாடகை.

> வாடகைப்படியே வாங்காதவர்களுக்கு?

குளச்சல் அக்கா சரியான இடத்தில் பிடித்தார். வாடகைப்படி வாங்காமல் வாடகை கட்டுகிறவர்களுக்கென்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது 80ஜிஜி பிரிவு. அதில் வருகிற கடைக்காரருக்குச் சம்பளமே கிடையாது. அங்கே பத்தில் ஒன்று எடுப்பது, மற்ற கழிவுகள் போன மொத்த வருமானத்தில். அப்புறம் இன்னும் இரண்டு வரம்புகள்: மாதம் 5,000, அந்த வருமானத்தில் 25 சதவீதம். இங்கும் மூன்றில் குறைந்ததுதான். இதற்கு வருமானப்பத்து என்று ஒரு உடன்பிறப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கப்போனால் மறுபடி “எதில் பத்து?” என்ற கேள்விக்கே வந்து நிற்போம்.

பிரிவு எண்ணையே பெயராகச் சொல்லலாமே என்றவருக்கு: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம். வாடகைப்படி விலக்குக்கு மனப்பாடம் செய்த 10(13ஏ), அப்புறம் 80ஜிஜி எல்லாம் அதோடு பழங்கணக்கு.

வாடகை என்பதற்குப் பதில் குடிக்கூலி என்று வைக்கலாம் என்ற யோசனைக்கு மட்டும் நான் இல்லை. ரசீதில் அச்சடித்திருப்பது வாடகை. தவிர, இங்கே பாதிப்பேர் ஒற்றிக்கு இருக்கிறார்கள். மொத்தமாக லட்சங்களைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவர் மாதாமாதம் எதுவும் கட்டுவதில்லை, அவருக்கு இந்தக் கணக்கும் இல்லை. குடியிருப்பதற்குக் கொடுப்பதெல்லாம் குடிக்கூலிதானே என்று அவரும் ஒற்றிப் பத்திரத்தோடு என் மேசைக்கு வந்துவிடக் கூடாது.

படிவத்தின் நாலாம் வரியை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “சம்பளப்பத்து போக வாடகை ரூ. ____”. பத்து என்பது எழுவாய், அதனால் போக என்பதற்கு முன் ஒற்று மிகாது என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், வியாழக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.