எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை: படுக்கை வைத்த டீசல் வானுக்கு உதவி தேவை

கேள்வி (கோண்டாவில்)
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பழைய வானின் பின் இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் காஸ் அடுப்பும் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் உட்கார்ந்திருக்க முடியாது. சிவராத்திரிக்கு அவரைப் படுக்கவைத்தே திருக்கேதீச்சரம் மன்னார்வரை கூட்டிப்போகத்தான் இந்தப் பாடு. மாரியில் ஐந்து கிழமை வான் முற்றத்தில் அசையாமல் நின்றது. இப்போது திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. 2.8 லீற்றர், 4 சிலிண்டர், கணினி இல்லாத பழைய பம்ப். புதுப் பட்டரி போட்டும் பலனில்லை. ஒரு கராஜில் டீசல் பம்பையே கழற்றிச் செய்யவேண்டும் என்கிறார்கள். அதற்குப் பணம் இல்லை.

பதில் (சுன்னாகம்)
ஸ்டார்ட் செய்ய முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக் போயிருக்கும். காற்று உள்ளே போகும் வாயில் ஸ்டார்ட்டர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள்.

பதில் (சாவகச்சேரி)
தம்பி, ஸ்பிரேயைத் தொடவே வேண்டாம். ஹீற்றர் பிளக் சூடாக இருக்கும்போது அந்த ஸ்பிரேயில் உள்ள ஈதர் உள்ளே போனால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடைந்த எஞ்சினைக் கண்டிருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. நம் ஊர் வெயிலில் ஹீற்றர் பிளக் நான்கும் செத்தாலும் வெள்ளைப் புகையாவது வரும்.

கேள்வி கேட்டவர்
புகை துளியும் இல்லை அண்ணா.

பதில் (சாவகச்சேரி)
அப்படியானால் பம்பைக் குற்றம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. பம்பில் ஒற்றை வயர் பூட்டிய சிறிய சொலனாயிட், அதாவது டீசலுக்கு வழி திறந்து மூடும் மின் வால்வு, இருக்கும். மீற்றர் விளக்குகள் எரியும் நிலையில் திறப்பை வைத்து, அந்த வயரைக் கழற்றித் திரும்பத் தொடுங்கள். ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டீசல் அங்கேயே மறிபட்டு நிற்கும்.

கேட்டால், பில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். நல்ல நிலையில் இருபது முப்பது அழுத்தில் கல்லாக இறுகும். பஞ்சுபோலவே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரையும் திறந்துவிடுங்கள். மாரியில் நெடுநாள் நின்ற வண்டியில் அது இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்
‘டக்’ கேட்டது. தண்ணீர் ஒரு மூடியளவு வந்தது. கைப்பம்ப் எண்பது அழுத்துக்கும் இறுகவில்லை.

பதில் (சாவகச்சேரி)
பில்டருக்கு வரும் குழாயை எடுத்துவிட்டு, கண்ணாடிபோல் தெரியும் குழாய்த் துண்டொன்றைப் பூட்டி அழுத்துங்கள். குமிழி ஓடினால் ஓட்டை டாங்கிப் பக்கம். டீசல் சொட்டவில்லையே என்று ஏமாறாதீர்கள். அது உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். வண்டி நிற்க நிற்க டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்
பாசிமணி கோத்ததுபோல் குமிழி! டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயில், கிளிப்புக்குக் கீழே வெடிப்பு. நேராகப் பார்த்தால் தெரியவில்லை, வளைத்தபோதுதான் வாய் திறந்தது. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்துப் பூட்டினேன். முப்பதாவது அழுத்தில் கைப்பம்ப் இறுகிவிட்டது. ஆனால் இன்னும் பிடிக்கவில்லை.

பதில் (சாவகச்சேரி)
பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்துக்கு, போகும் குழாய்களில் காற்று நிற்கிறது. இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கையை அருகே கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றாமல், ஸ்டார்ட்டரை ஆறவிட்டுச் சுற்றுங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: கணினி கட்டுப்படுத்தும் புதுவகை கொமன் ரெயில் எஞ்சினில் இந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது.

கேள்வி கேட்டவர்
பிடித்துவிட்டது அண்ணா! இரண்டு தரம் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு சீராக ஓடியது. சத்தம் கேட்டு அம்மா விறாந்தைக்கு வந்து நின்றார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மன்னார் போக முன் வேறு என்ன மாற்ற வேண்டும்?

பதில் (சாவகச்சேரி)
அந்தக் குழாயை முழுதாக மாற்றுங்கள், மிச்சமும் அதே வயதுதான். டீசலுக்கென்றே விற்கும் குழாய் வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் சில மாதத்தில் ஊறிப்போகும். பில்டரும் புதிது போடுங்கள். அம்மாவைக் கவனமாகக் கூட்டிப்போய் வாருங்கள் தம்பி.