1830களின் கான்டன் தெரு: எந்த ஓவியரை நம்பி வரையலாம்?

கேள்வி:
கான்டன் (இன்றைய குவாங்சோ, தென் சீனத் துறைமுக நகரம்) தெருவில் நடக்கும் படக்கதைக்குப் பின்னணி வரைய வேண்டும். ஆங்கில ஓவியர் தாமஸ் அல்லமின் 1843 செதுக்குப் படங்களில் கடைத்தெரு, கூட்டம் எல்லாம் நுணுக்கமாக இருக்கின்றன. அப்படியே பார்த்து வரையலாமா? நாவிதரும் தோளில் தண்டு சுமப்பவரும் கட்டாயம் வேண்டும்.

பதில் 1:
வேண்டாம். அல்லம் சீனாவுக்குப் போனதே இல்லை. மற்றவர்களின் ஓவியங்களை வைத்துக்கொண்டு லண்டனில் வரைந்தவர். கட்டடக் கலைஞர் என்பதால் கூரையும் தூணும் கண்ணைப் பறிக்கும், அவ்வளவுதான். அவர் எடுத்தாண்டவர்களில் ஒருவரான ஒகுஸ்த் போர்ஜே 1838–39இல் கான்டனிலும், அருகே போர்த்துகீசியர் குடியிருந்த மக்காவிலும் நேரில் வரைந்தவர். 1842இல் வந்த அவருடைய 32 கல்லச்சுப் படங்களிலிருந்து தொடங்குங்கள்.

வில்லியம் அலெக்சாண்டரையும் பலர் சொல்வார்கள். அவர் சீனப் பேரரசரைக் காண பிரிட்டன் அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு 1793இல் போனவர். உங்கள் கதைக்கு 40 ஆண்டு முந்தைய உடை அது. போதாததற்கு, குழு பேரரசரின் கோடை அரண்மனை இருந்த ஜெஹோலுக்குப் போனபோது அவர் பெய்ஜிங்கிலேயே தங்கிவிட்டார். அவர் வரைந்த பெருஞ்சுவர், பாரிஷ் என்ற படை அதிகாரியின் வரைவைப் பார்த்துப் போட்டது.

பதில் 2:
நாவிதருக்கு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரிதான். 1802இல் மெட்ராஸ் வந்து, பிறகு வங்காளம் போய், 1825 முதல் 1852இல் இறக்கும்வரை மக்காவில் இருந்தவர். தெருவில் பென்சிலால் பிடித்து, பிறகு மையால் இறுக்குவார். ஓரத்தில் புழுப்போல நெளிவது சீன எழுத்தல்ல, அவருடைய சுருக்கெழுத்துக் குறிப்பு.

நாவிதரின் தண்டில் ஒரு முனையில் அடுப்பும் வெந்நீரும், மறுமுனையில் வாடிக்கையாளர் உட்காரும் இழுப்பறைப் பெட்டி. இரண்டு முனையிலும் கூடை போட்டுவிடாதீர்கள்.

பதில் 3:
அச்சுப் படம் எதுவானாலும் இடவலம் மாறியிருக்கிறதா பாருங்கள். ஓவியத்தை அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் திரும்பிவிடும். சீன நீள் அங்கியின் பொத்தான் வரிசை கழுத்திலிருந்து அணிந்தவரின் வலது அக்குளுக்குச் சாய்ந்து இறங்கும். பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். மாறியிருந்தால் படத்தைத் திருப்பி வைத்து வரையுங்கள். மேலே போடும் குட்டைச் சட்டைக்குப் பெரும்பாலும் நடுப்பொத்தான், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. கடைப்பலகை எழுத்தையோ நகலெடுக்கவே வேண்டாம். ஐரோப்பியச் செதுக்குநர்கள் போட்டது பல இடங்களில் வெறும் கிறுக்கல்.

தொழிற்கருவிகளுக்கு ஜார்ஜ் ஹென்றி மேசன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1800இல் வெளியிட்ட 60 படங்கள் அருமை. அடியில் இடது மூலையில் 'பு குவா, கான்டன்' என்றிருக்கும். வரைந்தவர் உள்ளூர்க்காரர், லண்டனில் நடந்தது செதுக்கல்தான். உடைந்த பீங்கானை ஒட்டுப்போடுபவர்கூட உண்டு.

கேள்வி கேட்டவர்:
சின்னரியின் படங்களில் பின்னால் வெள்ளைத் தூண் கட்டடங்கள் வருகின்றனவே, அவற்றையும் வைக்கலாமா?

பதில் 2:
அவை மக்காவின் போர்த்துகீசியக் கட்டடங்கள். ஆட்களையும் சாமான்களையும் மட்டும் எடுங்கள். கான்டன் நகரத் தெரு குறுகல். தரையில் கருங்கல் பலகை, இருபுறமும் செங்குத்தாகத் தொங்கும் கடைப்பலகைகள். ஆற்றங்கரையில் வெளிநாட்டு வணிகர்களின் பதின்மூன்று மாளிகை வரிசைக்கு மட்டும் தூண் வைக்கலாம்.