நாய் கடித்து ஆமையின் ஓடு வெடித்துவிட்டது – சுப்பர் குளூ போட்டு ஒட்டலாமா?

வாவிக்கரை (ஆரையம்பதி) – இரவு 8.50

அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்கு முன் மகன் அலங்கார மீன் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அந்த இனம். வாங்கும்போது தீப்பெட்டி அளவு, இப்போது 12 சென்றிமீற்றர். வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டியில் இருக்கிறது.

இன்று பின்னேரம் தொட்டி கழுவுவதற்காக வெளியில் எடுத்து வைத்தோம். நான் குழாயைத் திறக்கப் போன அந்த ஒரு நிமிடத்தில் தெருநாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. கத்திக் கலைத்த பிறகுதான் போட்டுவிட்டுப் போனது. முதுகு ஓட்டில் வலது பக்கம், விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை வெடிப்பு. இரத்தம் வந்தது, இப்போது நின்றுவிட்டது. மாமி மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டார். மறுபடி தொட்டியில் விட்டோம். ஆனால் ஒரு பக்கம் சரிந்தே மிதக்கிறது, அடியில் போக முடியவில்லை.

வீட்டில் சுப்பர் குளூ இருக்கிறது. வெடிப்புக்குள் விட்டு ஒட்டிவிட்டால் சரியாகுமா? மகன் அழுதபடியே பக்கத்தில் இருக்கிறான்.

மீன்தொட்டி (கல்முனை) – இரவு 9.02

முதலில் தண்ணீரிலிருந்து எடுங்கள். மற்றதெல்லாம் மறுகா. களைத்துப்போன ஆமை தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும், ஆமைதானே நீந்தும் என்று நினைக்க வேண்டாம். காட்போட் பெட்டி ஒன்றில் பழைய துவாயை விரித்து அதற்குள் வையுங்கள். பசையைத் தொடவே வேண்டாம்.

ஊர்க்குருவி – இரவு 9.10

பசை போடலாம், ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டு ஆமைக்கு ஓடு உடைந்தபோது எப்பொக்சி பூசி அடைத்தோம், ஒரு கிழமை நன்றாகத்தான் நடமாடியது.

மீன்தொட்டி (கல்முனை) – இரவு 9.13

ஒரு கிழமைக்குப் பிறகு?

ஊர்க்குருவி – இரவு 9.20

செத்துப்போய்விட்டது. ஆனால் அது பசையால் என்று சொல்ல முடியாது.

மிருகவைத்திய மாணவி (அக்கரைப்பற்று) – இரவு 9.31

அண்ணன், நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், லீவில் வீட்டில் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு. மேலே தெரியும் கட்டம் கட்டமான செதில்கள் நம் நகம் மாதிரி. அதற்குக் கீழே இருப்பது முழுக்க எலும்பு. இரத்தமும் நரம்பும் ஓடுகிறது, விலா எலும்புகளும் முதுகெலும்பும் அதோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இப்போது அதற்கு வலிக்கிறது. இன்னொன்று, முதுகு ஓட்டுக்கு நேர் கீழே ஒட்டினாற்போல் இருப்பவை நுரையீரல்கள். சரிந்து மிதக்கிறது என்று எழுதினீர்கள், அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நுரையீரலில் காயம் பட்டாலோ காற்று வெளியேறி உடம்புக்குள் தேங்கினாலோ அப்படி மிதக்கும்.

பசை ஏன் கூடாது என்றால், நாயின் வாயிலிருந்த கிருமி எல்லாம் இப்போது அந்த வெடிப்புக்குள் இருக்கிறது. மேலால் மூடிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். வெளியில் எதுவுமே தெரியாது. ஆமைக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும், சாவது உட்பட. ஊர்க்குருவியின் ஆமை ஒரு கிழமை நடமாடியது அதனால்தான்.

இப்போது ஒன்றை மட்டும் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு ஐந்து நிமிடம், அது மூச்சு விடும்போது வெடிப்பில் நீர்க்குமிழி வருகிறதா? ஹைட்ரஜன் பெரொக்சைட், ஸ்பிரிட், மஞ்சள் எதுவும் போடாமல் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாவிக்கரை – இரவு 9.48

பெட்டியில் வைத்தாச்சு. ரோச் அடித்துப் பார்த்தோம். ஓம், ஒரு இடத்தில் சின்னதாகக் குமிழி வந்து வந்து உடைகிறது. மகன்தான் முதலில் கண்டான்.

மிருகவைத்திய மாணவி – இரவு 9.55

அப்படியென்றால் உள்ளே துளை இருக்கிறது. வெடிப்புக்குள் எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். குமிழி இல்லாத காயம் என்றால் சேலைனால் தாராளமாகக் கழுவச் சொல்லியிருப்பேன்.

பாமசியில் 0.9 வீத சேலைன் போத்தல் கிடைக்கும். சுத்தமான கோஸ் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, சுற்றியுள்ள மண்ணையும் மஞ்சளையும் வெளிப்பக்கமாகத் துடைத்து எடுங்கள். உள்ளே ஒட்டியிருப்பதைக் கிண்ட வேண்டாம். பிறகு ஈரமான கோஸ் ஒன்றை வெடிப்பின் மேல் மெதுவாக வைத்து, ஓரத்தில் மட்டும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது.

இன்றிரவுக்கு முக்கியமானது சூடு. ஊர்வனவற்றுக்கு உடம்பு சூடாக இருந்தால்தான் நோயெதிர்ப்பு வேலை செய்யும். மாரி காலம், இரவில் குளிர்கிறது. பழைய குண்டு பல்ப் 40 வாட் இருந்தால் பெட்டியின் ஒரு மூலையில், ஒரு அடி உயரத்தில் எரிய விடுங்கள்; மறு மூலை நிழலாக இருக்கட்டும், சூடு கூடினால் அதுவே நகர்ந்து போகும். பெட்டிக்குள் 28 பாகை செல்சியஸ் அளவு போதும். கரண்ட் போனால் போத்தலில் வெந்நீர் நிரப்பித் துவாயால் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பெட்டியின் மேல் நுளம்பு வலை கட்டாயம். ஈ ஒன்று இருந்து முட்டையிட்டால் விடியும்போது புழுதான்.

சாப்பாடு கொடுக்க வேண்டாம். பனடோல் போன்ற நம்முடைய மாத்திரை எதுவும் வேண்டாம். காலையில் எடுத்த எடுப்பில் மிருக வைத்தியரிடம்.

ஆட்டுப்பட்டி (செங்கலடி) – இரவு 10.15

புழுவுக்குப் பயம் என்றால் ஐவர்மெக்டின் ஊசி ஒரு சொட்டு போட்டு விடுங்கள் தம்பி. ஆடு மாடு எல்லாவற்றுக்கும் அதுதான் போடுகிறோம். என்னிடம் மிச்சம் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுங்கள்.

மிருகவைத்திய மாணவி – இரவு 10.17

ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல மருந்து, ஆமைக்கு நஞ்சு. ஆமை இனங்களில் அது மூளைக்குப் போய் உடம்பை முடக்கிவிடும், சின்ன அளவிலேயே சாகும். புழு வந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி. அருவருப்பாக இருக்கும், வேறு வழி இல்லை.

ஆட்டுப்பட்டி – இரவு 10.25

நல்லவேளை கேட்டேன் பிள்ளை. முப்பது வருடம் ஆடு வளர்க்கிறேன், இது தெரியாது.

வாவிக்கரை – மறுநாள் பகல் 12.30

உயிரோடு இருக்கிறது. விடிய ஓட்டோ பிடித்துப் போனோம். வைத்தியர் பார்த்துவிட்டு, "எனக்கு வருவது மாடும் ஆடும் நாயும்தான், ஆமை எப்போதாவது" என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல், தன்னோடு படித்த ஒருவருக்கு அழைத்துக் கதைத்துவிட்டுத்தான் கை வைத்தார்.

சமையல் தராசில் நிறுத்தோம், 280 கிராம். அதை வைத்துக் கணக்குப் பார்த்து செஃப்டாசிடைம் என்ற அன்ரிபயோட்டிக் ஊசி முன்காலில் போட்டார். மூன்று நாளுக்கு ஒருமுறை போட வேண்டுமாம். வலி குறையவும் ஒரு ஊசி போட்டார். ஏன் பின்காலில் போடவில்லை என்று மகன் கேட்டான். பின்பக்க இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து அங்கேயே வீணாகலாம், அதனால் முன்பக்கம்தான் வழக்கம் என்றார்.

தினம் ஒருமுறை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அடி ஓடு மட்டும் நனைகிற அளவுக்கு 15 நிமிடம் வைக்கச் சொன்னார், குடிக்கட்டும் என்று. வெடிப்பு நனையக் கூடாது. மற்ற நேரமெல்லாம் உலர்ந்த பெட்டி.

மாமாங்கம் அக்கா – மறுநாள் பிற்பகல் 2.05

பாவம் அந்தச் சீவன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா தம்பி? ஆமையிலிருந்து வயிற்றோட்டம் வரும் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

மீன்தொட்டி (கல்முனை) – பிற்பகல் 2.40

உண்மைதான் அக்கா, சல்மொனெல்லா என்ற கிருமி. ஆமை பார்வைக்குச் சுகமாக இருந்தாலும் அதன் மலத்தில் வரும். 4 அங்குலத்துக்குக் குறைந்த குட்டி ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975 இல் தடை செய்ததே பிள்ளைகள் இதனால் நோயில் விழுந்ததால்தான். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் சட்டி பெட்டியைக் குசினியில் கழுவக் கூடாது. அந்தத் தராசின் மேலும் பை ஒன்று விரித்துத்தான் நிறுக்க வேண்டும், வாவிக்கரை கவனிக்க.

வாவிக்கரை – பிற்பகல் 3.00

தராசு இனி ஆமைக்குத்தான். மனைவி சொல்லிவிட்டார்.

படுவான்கரை (கொக்கட்டிச்சோலை) – மூன்றாம் நாள்

இதற்குள்ளேயே என் கேள்வியையும் கேட்கிறேன். போன போகத்தில் வயலில் வெட்டு மெஷினில் அடிபட்ட பாலாமை ஒன்று கிடைத்தது. விளிம்பில் சின்னக் காயம், காய்ந்துவிட்டது. வாளியில் வைத்திருக்கிறேன். அதையும் இப்படியே வளர்க்கலாமா?

மிருகவைத்திய மாணவி – மூன்றாம் நாள்

இது வேறு கதை அண்ணன். வாவிக்கரையிடம் இருப்பது கடையில் விற்ற வெளிநாட்டு ஆமை. பாலாமை நம் நாட்டுக்குரியது, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காயத்தோடு கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 க்கு அழைத்துச் சொல்லுங்கள். எந்த வயல், எந்த வாய்க்கால் பக்கம் என்று குறித்து வைத்திருங்கள், சுகமானதும் அந்த இடத்திலேயே விடுவதுதான் நல்லது. அதுவரை வாளி உலராமல் ஈரத் துணி போடுங்கள். பாலாமைக்கு மேல் ஓட்டில் செதில் இல்லை, தோல்தான், வேகமாக உலர்ந்துவிடும். கழுத்து நீளும், கையைக் கவனம்.

படுவான்கரை – நான்காம் நாள்

வழக்குப் போடுவார்களோ என்று பயந்து இவ்வளவு நாளும் பேசாமல் இருந்துவிட்டேன். அழைத்தேன். இடம் கேட்டார்கள், வந்து எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

வாவிக்கரை – ஒன்பதாம் நாள்

நேற்று ஒரு அதிசயம். குமிழி நின்று நான்கு நாள். காயமும் சுத்தம் என்று பார்த்துவிட்டு, சட்டைக்குத் தைக்கிற கொக்கி கொண்டு வரச் சொன்னார் வைத்தியர். நான் பகிடி என்று நினைத்தேன். ஆமைக்கு மயக்க ஊசி போட்டு, வெடிப்பின் இரண்டு பக்கமும் நல்ல ஓட்டின் மேல் கொக்கிகளை ஒட்டி, மெல்லிய கம்பியால் சப்பாத்துக்கு லேஸ் கட்டுவது போல் இழுத்துக் கட்டினார். இரண்டு விளிம்பும் சேர்ந்துவிட்டது. வெடிப்பு திறந்தே இருக்கிறது, அதனால் மருந்து போடவும் பார்க்கவும் முடியும்.

கொக்கியை ஒட்டியது எதனால் என்று நினைக்கிறீர்கள்? என் சுப்பர் குளூதான்! இடம் மட்டும் வேறு.

ஒரு கவலை, இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை.

மிருகவைத்திய மாணவி – ஒன்பதாம் நாள்

ஒன்பது நாள் ஆமைக்குப் பெரிய விசயம் இல்லை. வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஆழமில்லாத தண்ணீரில் வைக்கும் நேரத்தில் சின்ன மீன் துண்டு ஒன்று போட்டுப் பாருங்கள், இந்த இனம் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும்.

இதுவரை என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?

வாவிக்கரை – ஒன்பதாம் நாள்

கடையில் விற்கும் காய்ந்த இறால் டப்பா. மூன்று வருடமும் அதுதான்.

மீன்தொட்டி (கல்முனை) – பத்தாம் நாள்

அது ஆசைக்கு ஒன்றிரண்டு கொடுப்பது. அதையே சாப்பாடாக்கினால் கல்சியமும் விற்றமின் ஏயும் பற்றாது, கண் வீங்கும், ஓடு மெத்தென்று ஆகும். முள்ளோடு சின்ன மீன், கங்குன் இலை, ஆமைக்கென்று வரும் குருணைத் தீவனம் என்று கலந்து கொடுங்கள். கல்லடிக் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்குமே, அதை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து உப்பைப் போக்கி, பின்பக்கத்துக் கடினப் பகுதியைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் போட்டால் அதுவே கொறிக்கும். காசு செலவில்லாத கல்சியம். காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சம் இருக்குமே தவிர, ஆமைக்குத் தேவையான கதிர் வராது.

வாவிக்கரை – பதினான்காம் நாள்

கீரி மீன் துண்டு ஒன்று சாப்பிட்டது! 266 கிராம்.

மாமாங்கம் அக்கா – பதினான்காம் நாள்

சந்தோசம். சுகமானதும் வாவியில் விட்டுவிடுங்கள் தம்பி, புண்ணியமாகப் போகும்.

மீன்தொட்டி (கல்முனை) – பதினான்காம் நாள்

அக்கா கோபிக்க வேண்டாம், அதைத்தான் செய்யவே கூடாது. உலகத்தின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இந்தச் சிவப்புக்காது ஆமையும் ஒன்று. நம் குளத்தில் விட்டால் நம் ஆமைகளின் சாப்பாட்டிலும் வெயில் காயும் இடத்திலும் போட்டிக்கு நிற்கும், நோயும் கொண்டு போகும். முப்பது வருடம்கூட இருக்கக்கூடிய சீவன். வாங்கியவர் கடைசி வரை வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்.

வாவிக்கரை – நான்கு மாதத்துக்குப் பிறகு

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும். ஆறாம் கிழமை கொஞ்ச நேரம் ஆழமான தண்ணீரில் விட அனுமதி கிடைத்தது. நேராக நீந்தியது. கொக்கிகளைப் போன கிழமை கழற்றினார்கள். வெடிப்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு, தட்டினால் கெட்டியாக இருக்கிறது. உள்ளே எலும்பு முழுதாகச் சேர வருடம் ஒன்று பிடிக்கலாம் என்றார் வைத்தியர். எடை 301. கணவாய் ஓடு பொறுக்குவது மாமியின் வேலை, நடைக்குப் போனால் பையோடுதான் வருகிறார்.

ஒரு சந்தேகம். இரண்டு நாளாக ஓட்டுக் கட்டங்கள் வெங்காயத் தோல் மாதிரிக் கழன்று வருகின்றன. இது அழுகலா?

மிருகவைத்திய மாணவி – அன்றிரவு

மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருந்து, கீழே புதுக் கட்டம் பளபளவென்று தெரிந்தால் அது வளர்ச்சி. இந்த இனம் அப்படித்தான் உரிக்கும். பிய்க்க வேண்டாம், தானாக விழும். குழி விழுந்தால், அமுக்கும்போது மெத்தென்றால், நாற்றம் அடித்தால், தண்ணீர் கசிந்தால் உடனே கொண்டு போங்கள். தழும்பைச் சுற்றி மட்டும் கிழமைக்கு ஒருமுறை மணந்து பாருங்கள்.

தொட்டிக்கு மேல் வலை போட்டாச்சா?

வாவிக்கரை – அன்றிரவு

போட்டாச்சு, கோழிக்கூட்டுக் கம்பி வலை, கொண்டியும் வைத்தது. கழுவும்போது மூடி போட்ட வாளிக்குள் வைத்து, வாளியின் மேல் மகன் உட்காருகிறான்.

மிருகவைத்திய மாணவி – அன்றிரவு

மூடியில் ஓட்டை போட்டீர்கள்தானே?

வாவிக்கரை – அன்றிரவு

இப்போது போடுகிறேன்.